காய்ச்சல் விட்ட நாள்

உக்கடம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எனக்கு டைப்பிங் கடை இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து அடுத்தவர்களின் ஆராய்ச்சிகளை அடித்துக் கொடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவர்கள் கையெழுத்தில் கிறுக்கியோ, கண்டபடி அடித்த ஃபைலாகவோ கொண்டுவருவார்கள். மார்ஜின், பக்க எண், படம், படத்துக்குக் கீழே குறிப்பு எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் கேட்கிறபடி நிறுத்தி, ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்துக் கொடுப்பது என் வேலை.

அவற்றில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. கண் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு ஊறவைத்த அரிசியிலோ மகளின் பரீட்சையிலோ இருக்கும். அப்படி அடித்தால்தான் தப்பு வராது. புரிந்துகொள்ள ஆரம்பித்தால் அடுத்த சொல்லை நாமே ஊகித்து அடித்துவிடுவோம். இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நான் இதைக் கொஞ்சம் திமிராகவே சொல்லித் திரிந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம், "மூளைய செருப்போட வாசல்ல கழட்டி வெச்சுட்டு வாங்க" என்பேன்.

போன மழைக்காலத்தில் கோட்டைமேட்டிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறவர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே பேசுவார், மூன்று மாடி ஏறியதுபோல மூச்சு வாங்குவார், கடையோ முதல் மாடிதான். அவருடைய ஆராய்ச்சி டெங்கு வைரஸ் மனித செல்லில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றி. படங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். ஒரு படத்தில் மேடுபள்ளமான உருண்டை ஒன்று, கீழே சுவர் மாதிரி ஒரு கோடு, கோட்டிலிருந்து விரல் விரலாக என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. உருண்டை அதில் ஒரு விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. படத்தைப் பக்கத்துக்குள் அடக்க முடியாமல் எரிச்சலோடு, இது என்ன விரல் என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குப் பேரு ஏற்பிங்க அக்கா" என்றார். "செல்லோட மேல நின்னுக்கிட்டிருக்கிற புரதம். உடம்பு தன்னோட சொந்த வேலைக்கு வெச்சது. சிலது சேதி வாங்கும், சிலது கிருமியப் புடிச்சுக் குடுக்கும். கொசு கடிச்சதும் இந்த வைரஸ் தோலுக்குள்ள எறங்கி, அங்க காவலுக்கு நிக்கிற செல்லு கைய நீட்டுதுன்னு வெச்சுக்கோங்க, அந்தக் கையையே புடிச்சுக்கும். செல்லு அதை உள்ள இழுத்துக்கும். உள்ள போனப்புறம் புளிப்பு ஏறுற எடத்துல தன் மேலாடையக் கழட்டிப் போட்டு வேலைய ஆரம்பிச்சிரும்."

"அப்ப கதவ ஒடைக்கிறதில்லீங்களா?"

"இல்லீங்க. நாமளேதான் உள்ள விடறோம்."

எனக்கு முதுகில் சில்லென்றது. ஆனாலும் அடுத்த நிமிஷம் படத்தைச் சின்னதாக்கிப் பக்கத்தில் பொருத்திவிட்டு மறந்துவிட்டேன். பயப்படுவதற்கு அப்போது எனக்கு நேரம் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. கணபதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவருக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பட்டறைக்குப் பின்னால் பழைய மோட்டார் ஓடுகள் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண்கள் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சரிங்க சரிங்க என்று தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சாதாரணக் காய்ச்சலாக இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார், இடுப்பை யாரோ முறுக்குவதுபோல இருக்கிறது என்றார். திங்கட்கிழமை பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், நானும் என் மாமியாரும். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். டாக்டர் வயசானவர், நிதானமானவர். தட்டணுக்கள் இப்போதைக்குப் பரவாயில்லை, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது, நான் போதும் என்று சொல்லும்வரை தினமும் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். எழுதிக்கொண்டே, "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் டெங்கு வந்திருக்குதுங்களா?" என்று கேட்டார்.

என் மாமியாரின் கை என் மணிக்கட்டின் மேல் வந்து அமர்ந்தது. அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்தார்.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு இதேபோலக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் நெஞ்சிலும் கையிலும் சிவப்பாகத் தடித்தது. மாமியார் பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா வந்திருக்கறாங்க" என்றார். வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பு நின்றது. வெளி ஆட்கள் உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சே இல்லை, அம்மன் வந்த உடம்பில் ஊசி குத்துவார்களா? ஒரு வாரத்தில் தடிப்பு அடங்கியது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். அம்மையில் வரும் கொப்புளம் அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை. அம்மன் வந்துபோனதை ஒரு நோய் என்று இன்னொருவர் முன்னால் சொல்வது எங்கள் வீட்டில் அபச்சாரம். அதனால் டாக்டர் கேட்டபோது, நான் பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. வந்தது டெங்கு இல்லை, அம்மன். கேள்விக்கு இல்லை என்பதுதானே பதில்?

புதன்கிழமை மாலை அவருக்குக் குப்பென்று வியர்த்தது. உடம்பு குளிர்ந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது நெற்றி என் நெற்றியைவிடச் சில்லென்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து நாளாக அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே துணி நனைத்துப் போட்டிருக்கிறேன். மாமியார் வெந்நீரில் வேப்பிலை போட்டுக் காய்ச்சி, முற்றத்தில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினார். எங்கள் வீட்டில் காய்ச்சல் விட்டால் தண்ணீர் ஊற்றுவது என்று ஒன்று உண்டு. அது முடிந்துவிட்டால் நோயாளி நோயாளி இல்லை. பிறகு அவரைப் பார்த்து உடம்பு எப்படி என்று கேட்பதுகூடக் கிடையாது.

"ரத்தம் பாக்கப் போகோணுமல்லங்க?" என்றேன்.

"காச்சல்தா உட்டுப்போச்சே. இன்னும் எதுக்குச் சும்மா குத்திக்கிட்டு?" என்றார் அவர். மாமியாரும் ஆமோதித்தார். நானும்தான் சரி என்றேன். அதை மறைக்க மாட்டேன். அன்றைக்குக் கடைக்குப் போகலாம் என்ற நினைப்பே எனக்கு அத்தனை சுகமாக இருந்தது.

நான் உக்கடம் பேருந்தில் ஏறி, மழை பெய்து தெளிந்த ஊரைப் பார்த்துக்கொண்டே போனேன். இனிமேல் அவரை அவ்வளவு திட்டக் கூடாது என்று நினைத்தேன். அது எத்தனை நாள் நிற்கும் என்பதும் தெரியும். கடையைத் திறந்து விளக்கு வைத்தேன்.

பதினொன்றரை மணிக்கு அந்த ஆசிரியை வந்தார். கையில் அச்செடுத்த பிரதி, முகத்தில் கோபம். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு படத்தைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டு, கேள்விக்குறி போட்டிருந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நான் குடுத்த ஃபைல்ல சரியாத்தானே இருந்துச்சு. யாரு மாத்துனது?"

அது டெங்கு வந்தவருடைய உடம்பில் நாள் நாளாக என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம். ஒரு கோடு காய்ச்சல். முதல் நாளிலிருந்து உயரே இருந்து, ஐந்தாம் நாள் வாக்கில் சடாரென்று கீழே இறங்கும். அதன் மேல் நீளவாக்கில் 'ஆபத்தான கட்டம்' என்று ஒரு பட்டை. அந்தப் பட்டையை அவர் காய்ச்சல் இறங்கும் இடத்தில் வைத்திருந்தார். நான் அதை இழுத்துக் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் இடத்துக்கு மாற்றியிருந்தேன்.

ஆமாம், நான்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு படத்தை, ஒரே ஒரு தடவை, பார்த்துப் புரிந்துகொண்டு திருத்தினேன். பட்டை நகர்ந்து தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன்.

"மேடம், காச்ச எறங்குனா ஆபத்து போயிருச்சுன்னுதானுங்க அர்த்தம்? நீங்கதா மாத்தி வெச்சிருந்தீங்க" என்றேன், அப்போதும் வீறாப்பாக.

அவர் தலையை ஆட்டினார். கோபம் தணிந்து, வகுப்பில் பேசும் குரலுக்கு வந்தார்.

"டெங்குல அப்படி இல்லீங்க அக்கா. காய்ச்சல் அடிக்கிற வரைக்கும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. காய்ச்சல் விடற அன்னிக்கும் அடுத்த ரெண்டு நாளும்தான் பாக்கணும். ரத்தக் குழாய்லருந்து தண்ணி வெளிய கசியும். ரத்தம் கெட்டியாகும், பிரஷர் எறங்கும். ஆளு நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே இருப்பாங்க, திடீர்னு கை கால் சில்லுன்னு ஆயிரும். வயித்து வலி, வாந்தி, ஒரு எடத்துல நிலையா உக்கார முடியாம தவிக்கிறது, இதெல்லாம் வந்தா ஒடனே ஆஸ்பத்திரி. அதுலயும் ஏற்கெனவே ஒருதடவ டெங்கு வந்தவங்களுக்கு..."

"வந்தவங்களுக்கு?"

"அதுதானே என்னோட நாலாவது அத்தியாயம். இதுல நாலு வகை இருக்குது. மொதல்ல ஒரு வகை வந்தப்ப உடம்பு அதுக்கு ஆன்டிபாடி செஞ்சு வெச்சுக்கும். அந்த வகை மறுபடி வராது. ரெண்டாவது தடவை வேற வகை வந்தா, பழைய ஆன்டிபாடி போய் அதைப் புடிக்கும். ஆனா அதுக்கு இதைக் கொல்லத் தெரியாது. சும்மா புடிச்சுக்கிட்டு நிக்கும். காவல் செல்லுல ஆன்டிபாடியப் புடிக்கிறதுக்குன்னே இன்னொரு ஏற்பி இருக்குது. அது நம்ம ஆளு கையப் பாத்ததும் ரெண்டு பேரையும் சேத்து உள்ள இழுத்துக்கும். மொத தடவைய விட நெறைய உள்ள போகும். எல்லாருக்கும் ஆகாது. ஆச்சுன்னா மோசமாயிரும்."

எங்கள் கல்யாண மண்டப வாசலில் இப்படித்தான். சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டால், கூட வருகிறவரை யார் என்று ஒருவரும் கேட்க மாட்டோம். சந்தனம் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவோம்.

எனக்கு அவருடைய குரல் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது. நெஞ்சிலும் கையிலும் சிவப்பாகத் தடித்தது. கொப்புளம் வரவில்லை. காலையில் நெற்றி சில்லென்று இருந்தது. நான் சுகமாகப் பேருந்தில் வந்தேன். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன.

வீட்டுக்குப் போன் போட்டேன். மாமியார் எடுத்தார்.

"அவன் மதுக்கரைக்குப் போயிட்டானே அம்மணி. பத்து மணிக்கே வண்டிய எடுத்துட்டுப் போனான். அந்த ஹாலோ பிளாக் காரரு மோட்டாரு. ரெண்டு நாளா போன் மேல போன்."

அந்த மோட்டாரைப் பற்றி எனக்கும் தெரியும். புதிதாக வார்த்த ஹாலோ பிளாக் கல்லுக்கு விடாமல் தண்ணீர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். மோட்டார் நின்றால் அவ்வளவு கல்லும் போச்சு. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் இவர் அந்தக் கல்லைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார். தன் உடம்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் அடுத்தவன் கல்லுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார்.

அவருக்கு அடித்தேன். நான்கு தடவை மணி போய் நின்றது. ஐந்தாவது தடவை எடுத்தார்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"மதுக்கரையில. மோட்டார எறக்கியாச்சு. எணைப்பு மட்டும் குடுக்கோணும்."

"உடம்பு?"

"நல்லாத்தா இருக்குது. வவுறுதா சித்த வலிக்குது. ரெண்டுதடவ வாந்தி எடுத்துபோட்டேன். காலைல அம்மா அவசரமா சோத்தப் போட்டு அனுப்புனாங்களல்ல, அது சேரல."

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

"அட, இதென்ன கேள்வி?" என்று சிரித்தார். பிறகு யோசித்து, "காலைலருந்து போகல போல" என்றார்.

நான் மூளையை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னவள். அந்த நிமிஷம் அந்த மூளை பேயாட்டம் ஆடியது. அப்படியே உட்காருங்க, எதையும் தொடாதீங்க, தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, நான் வாரேன் என்றேன். ஆசிரியை என் கைப்பையை எடுத்துக் கையில் திணித்து, கடையைத் தான் பூட்டிக்கொள்வதாகச் சொன்னார். கீழே நின்ற முதல் ஆட்டோவில் ஏறினேன்.

உக்கடத்திலிருந்து மதுக்கரைக்கு அப்படியொன்றும் தூரமில்லை. அன்றைக்கு ஆத்துப்பாலம் தாண்டவே ஒரு யுகம் ஆயிற்று. குனியமுத்தூரில் ஏதோ கோயில் ஊர்வலம், மேளம். ஆட்டோக்காரரிடம் கத்தினேன், அவர் பொறுமையாக, "பறந்தா போக முடியும், சொல்லுங்க" என்றார். நான் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை கை நீட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். நம் உடம்பு நம்மைக் கேட்காமல் யாரையெல்லாம் உள்ளே விடுகிறது. வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. பிரசவத்தில்கூட இல்லை. அங்கே வலி இருந்தது, பயத்தைக் கவனிக்க நேரமில்லை. இங்கே வெறும் பயம் மட்டும் இருந்தது.

அவர் மோட்டார் ரூமுக்கு வெளியே ஒரு கல் அடுக்கின் நிழலில் இருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. உட்கார்வார், எழுவார், சுவரைப் பிடிப்பார், மறுபடி உட்கார்வார். சிமென்ட் தூசி படிந்த முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. கையைப் பிடித்தேன். பானைத் தண்ணீரில் விட்ட கைபோலச் சில்லென்று நனைந்திருந்தது.

"எணைப்புக் குடுத்துபோட்டேன். ஓடுது பாரு" என்றார். மோட்டார் ஓடியது. கல்லின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அவரை அங்கேயே அறைந்திருப்பேன்.

ஹாலோ பிளாக் களத்துக்காரர் தன் காரை எடுத்தார். பின்சீட்டில் அவர் தலை என் மடியில் கிடந்தது. வழி நெடுக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பார். ஆனால் ஊம் என்று மட்டும் சொன்னார், அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேள்விகளை அடுக்கினார். காய்ச்சல் எப்ப விட்டுச்சு? நேத்து சாயந்திரம். வாந்தி? ரெண்டு தடவை. முன்னாடி டெங்கு வந்திருக்கா?

"வந்திருக்குதுங்க" என்றேன். "மூணு வருஷத்துக்கு முன்னாடி. நாங்க அத டாக்டர்கிட்டச் சொல்லல. அம்மன்னு நெனச்சோம்."

எங்கே அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்ற பயம் ஒரு பக்கம் எட்டிப் பார்க்காமல் இல்லை. டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். ரத்தம் கெட்டியாகியிருக்கிறது, தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன, பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வந்திருக்கின்றன, இப்போதே ஐசியூவில் சேர்க்கிறோம் என்றார். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள். அளந்து அளந்து திரவம் ஏற்றினார்கள். கம்மியானாலும் ஆபத்து, அதிகமானால் நுரையீரலில் போய் நிற்கும் என்றார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். அவர்கள் வேறு யாரையாவது கூப்பிட்டால், ஐயோ பாவம் என்று தோன்றாமல் அப்பாடா என்று தோன்றியது. அதற்காக வெட்கப்படக்கூட அப்போது எனக்குத் தெம்பு இல்லை.

மாமியார் பகலில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, ராத்திரி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரோடு நான் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த மணிக்கட்டு நினைப்பு விட்டுப் போகவே இல்லை. ஆனால் இல்லை என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த வரைபடத்தில் பட்டையை நகர்த்திய கையும் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டர் சுற்றி வந்தபோது வெளியே நின்று எங்களிடம் கேட்டார். பழைய காய்ச்சல்ல தடிப்பு எப்படி இருந்துச்சு, கொப்புளம் வந்துச்சா? நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்தார்.

"கொப்புளம் வரலீங்க. செவப்புச் செவப்பா தடிச்சு அடங்கிருச்சுங்க. நாந்தா அம்மான்னு நெனச்சு ஊட்டுலயே வெச்சுக்கிட்டேனுங்க. அன்னிக்குக் கேட்டப்பவும் இவள நாந்தா சொல்ல உடல." பிறகு கைகூப்பினார். "எங்க தப்புக்கு அவனப் புடிச்சுக்காதீங்க சாமி."

அதை அவர் டாக்டரிடம் சொன்னாரா அம்மனிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. டாக்டர் அவர் தோளைத் தட்டி, இப்போ சொன்னதே போதுங்கம்மா என்றார். நான் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்தேன். எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பாதி வடிந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்தது. நர்ஸ் அதை வந்து சொன்னபோது, நல்ல சேதியை இப்படியும் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கசிவு நின்றுவிட்டது, உடம்பு தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றார்கள். அடுத்த நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். முகம் ஊதி, உதடு வெடித்து, அந்த மதுக்கரை மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் மறுபரிசோதனைக்குப் போனோம். மகளும் கூட வந்திருந்தாள். ஒன்பது வயசு, நான்காம் வகுப்பு. டாக்டர் வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லப்போனேன், வாயை மூடிக்கொண்டு மாமியாரைப் பார்த்தேன்.

"அவன் ஆஸ்பத்திரில இருந்தப்ப இவளுக்கு ரெண்டு நாள் லேசா சுட்டுதுங்க" என்றார் மாமியார். "பாதி மாத்திரை குடுத்தேன், சரியாயிருச்சு. வெளையாடிட்டுத்தா இருந்தா. உன்னைய இன்னும் பயமுறுத்த வேண்டாமின்னு சொல்லல அம்மணி."

அவள் ரத்தத்தையும் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. அவளுக்கும் வந்துபோயிருக்கிறது.

முதல் தடவை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் லேசாக வந்துபோகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அடுத்தது வராமலே போகலாம், வந்தாலும் சும்மா போகலாம். எந்தக் காய்ச்சல் வந்தாலும் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, முன்னாடி வந்திருக்குன்னு மறக்காம சொல்லுங்க என்றார். எல்லாம் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். அவளுடைய ரத்தத்தில் இப்போது அந்தப் பழைய ஆன்டிபாடி இருக்கிறது. எங்கள் குழந்தையைக் காப்பாற்ற அவள் உடம்பே செய்துகொண்டது. அவளுக்கு ஒன்றும் ஆகாமல் விளையாடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வேலை நடக்கிறது. அப்பாவின் போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லிக் கொடுத்ததுபோல அவளுக்கு இதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்து யாராவது தூக்கிப் போனால், நாளைக்கு ஹாஸ்டலில், அதற்குப் பிறகு வேறு ஊரில், நாங்கள் பக்கத்தில் இல்லாத ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால், அவளே சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்போம். சில நாள் நான், சில நாள் அவர், சில நாள் மாமியார்.

போன ஞாயிற்றுக்கிழமை தலை வாரிவிட்டுக்கொண்டே நான் கேட்டேன்.

"டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே?"

"எனக்கு ஒருதடவ டெங்கு வந்திருக்குதுங்க டாக்டர்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில். பிறகு தலையைத் திருப்பி, "எனக்கு மறுக்கா வருமாம்மா?" என்று கேட்டாள்.

"வராது கண்ணு" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள், அப்படியே அவள் அப்பா மாதிரி. ரிப்பன் கட்டி முடித்ததும் எழுந்து பீரோவைத் திறந்து, நான் ஒன்றும் சொல்லாமலேயே, அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு விளையாடப் போனாள்.